சாலைக்கும் ஒரு காஷன் ஆர்டர் வேண்டும்

மும்பையில் வழி கேட்பது தமிழனுக்கு ஒரு காலத்தில் லேசான காரியமாக இருக்கவில்லை. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். 1966இல் சிவசேனை தோன்றி, தென்னாட்டவருக்கு எதிரான கூச்சல் தெருவெங்கும் எழுந்த நாட்களில், மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருந்த நம் பெரியவர்கள் பழக்கமில்லாத பேட்டைக்குப் போனால், வழி தெரியாவிட்டாலும் தெரிந்தவர்போல நடந்துகொண்டே இருப்பார்களாம். பெயர்ப் பலகையைப் படிக்கலாமென்றால் அது தேவநாகரியில் இருக்கும். கேட்கலாமென்றால் நம்முடைய இந்தியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். வழி வருமோ, வசவு வருமோ என்று எண்ணி இரண்டு மைல் சுற்றிப் போனவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு.

இன்று நிலைமை வேறு. போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த பையன், கைப்பேசியை வண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பாண்டுப்பிலிருந்து பரேல் வரை யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடுகிறான். 2017 டிசம்பரில் இருசக்கர வண்டிக்கென்று தனியாக வழி காட்டும் முறையைக் கூகிள் கம்பெனி முதன்முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. 2018 மார்ச்சில் அந்த வரைபடம் தமிழிலும் வாய்விட்டு வழி சொல்லத் தொடங்கியது. “வலதுபுறம் திரும்பவும்” என்று வானொலிச் செய்தி வாசிப்பவர்போல அது சொல்லும்போது சிரிப்பு வரலாம். ஆனால் பலகை படிக்கத் தெரியாத ஊரில் பிழைக்க வந்தவனுக்கு அது யாருக்கும் தலைகுனியாத சுதந்திரம். படம் பார்த்து ஓட்டினால் மூளை மழுங்கும் என்று உபதேசம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நகரத்தில் 40 ஆண்டு வாழ்ந்து சொந்த வீடு கட்டிவிட்டவர்கள். அவர்களுடைய கவலையில் நமக்குப் பங்கில்லை.

ஆகவே யந்திரத்தை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. வழி சொல்கிறவர் அந்த வழிக்குப் பொறுப்பேற்கிறாரா என்பதுதான் நம் கேள்வி.

2024 நவம்பர் 24ஆம் நாள் உத்தரப் பிரதேசம் பரேலி மாவட்டத்தில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ராம்கங்கை ஆற்றின் மேலிருந்த ஒரு பாலத்தின் பகுதி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சப் பாலம் அந்தரத்தில் நின்றது. கைப்பேசி காட்டிய வழியில் வந்த கார் அதன்மேல் ஏறி ஆற்றில் விழுந்தது. மூன்று பேர் மாண்டார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் பேரிலும், வரைபடக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் பேரிலும் போலீசார் வழக்குப் பதிந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 அக்டோபர் தொடக்கத்தில், கேரளத்தில் கோத்துருத்து என்ற இடத்தில் கொட்டும் மழையில் இரவு நேரம் காரோட்டிப் போன இரண்டு இளம் மருத்துவர்கள் பெரியாற்றில் மூழ்கி இறந்தார்கள். அப்போதும் வரைபடத்தைப் பற்றித்தான் பேச்சு.

ஓட்டியவன் முட்டாள் என்றது ஒரு கூட்டம், படம் போட்டவன் கொலைகாரன் என்றது இன்னொரு கூட்டம். பாலம் உடைந்து கிடந்தபோது அதை ஊருக்குச் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று கேட்ட குரல் மட்டும் சன்னமாகவே இருந்தது.

நாங்கள் ரயில்வேக்காரர்கள். எங்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றும். ஏனென்றால் ரயில்வேயில் பாதை பழுதானால் என்ன செய்ய வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே எழுத்தில் இருக்கிறது. ஒரு பாலம் பலவீனமாகிவிட்டது, அல்லது தண்டவாளத்தில் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நிலையத்தில் வண்டி ஓட்டுபவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். டி-409 என்பது அந்தப் படிவத்தின் எண். அதற்குப் பெயர் காஷன் ஆர்டர். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, எத்தனை வேகத்துக்கு மேல் போகக்கூடாது, என்ன காரணம் என்று அதில் எழுதியிருக்கும். கொடுத்தவர் கையெழுத்து இருக்கும். வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும். அத்தோடு முடிந்ததா? அந்த இடத்துக்கு முன்னால் பாதையோரத்தில் மஞ்சள் பலகை நிற்கும். வண்டி போகவே கூடாது என்றால் குறுக்கே சிவப்புத் துணி கட்டி, அதற்கு வெகுதூரம் முன்பே தண்டவாளத்தின்மேல் சிறு வெடிகளை வைப்பார்கள். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். தூங்கி வழிகிற டிரைவரும் விழித்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் கேங்மேன் தோழர்கள் இரவெல்லாம் கையில் விளக்கோடு பாதையை நடந்து பார்க்கிறார்கள். ஒருவர் தம் எல்லை முடியுமிடத்தில் அடுத்த ஆளைச் சந்தித்த பிறகுதான் திரும்புவார். பாலத்தூண்களில் அபாய மட்டம் என்று கோடு போட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டி நிற்கும்.

இத்தனையும் இருந்தும் விபத்து நடக்காமல் இல்லை. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை எந்தத் தமிழனும் மறக்க மாட்டான். அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். வெள்ளத்தின்மேல் பழி போட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. அரியலூருக்கும் பரேலிக்கும் இடையே 68 ஆண்டு. இரண்டு இடத்திலும் வெள்ளம், இரண்டு இடத்திலும் பாலம். ஒன்றில் மந்திரி விலகினார். மற்றொன்றில் கைப்பேசி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

வழிகாட்டும் கருவி எங்களிடமும் உண்டு. வடநாட்டுப் பனிக்காலத்தில் முன்னால் பத்தடி தெரியாது. அப்போது எஞ்சின் ஓட்டுபவர் கையில் ஒரு சிறு பெட்டியைக் கொடுக்கிறார்கள். அதுவும் செயற்கைக்கோளைக் கேட்டுத்தான் இடத்தைக் கண்டுகொள்கிறது. அடுத்த சிக்னல் வருகிறது, கேட் வருகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. கருவி ஒரே ஜாதிதான். ஆனால் அந்தச் சிக்னல் எங்கே இருக்கிறது என்று அதில் ஏற்றியது ரயில்வே நிர்வாகம். தவறானால் கேட்பதற்கு ஆள் உண்டு. தவிரவும், அந்தப் பெட்டி இருப்பதனால் ‘ரோடு லேர்னிங்’ வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பாதையில் வண்டி ஓட்ட வேண்டுமோ அந்தப் பாதையை முதலில் பகலிலும் இரவிலும் போய்ப் பார்த்து, தெரியும் என்று கையெழுத்திட்ட பிறகுதான் எஞ்சின் ஒப்படைக்கப்படும். பல மாதம் அந்தப் பக்கம் போகாதிருந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

வரைபடம் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதில் பலருக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. அதற்குள் ஏதோ அபூர்வ மூளை உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. பூமிக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு கோளின் சேதி கிடைத்தால், எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைக் கைப்பேசி தெரிந்துகொள்ளும். நம் நாடும் 2013 முதல் தனக்கென்று கோள்களை அனுப்பி, ‘நாவிக்’ என்று பெயரிட்டிருக்கிறது. இது இடம். வழி என்பது வேறு கணக்கு. 1956இல் ஹாலந்துக்காரர் டைக்ஸ்ட்ரா என்பவர், பல ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய பாதை எது என்று கண்டுபிடிக்க ஒரு கூட்டல் முறையைச் சொன்னார். இன்றைய வரைபடங்களின் வழிக்கணக்குக்கு வேர் அதுதான். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா ஜங்ஷனுக்கு ஜங்ஷன் கிலோமீட்டர் பட்டியலைப் பார்த்துக் கூட்டி, எந்த வழி குறைவு என்று சொன்னாரே, அதே வேலைதான். பட்டியலில் இருக்கும் பாதை நிஜத்தில் இருக்கிறதா என்று குமாஸ்தாவுக்கும் தெரியாது, யந்திரத்துக்கும் தெரியாது. பட்டியலைத் திருத்துகிறவர் திருத்தினால்தான் உண்டு.

சொல்ல வேண்டியவர்கள் சொன்னால் எப்படி நடக்கும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. 1912ஆம் ஆண்டு கட்டிய சயான் ரயில் மேம்பாலம், இடித்துக் கட்டுவதற்காக, 2024 ஆகஸ்டு 1 முதல் வாகனங்களுக்கு மூடப்பட்டது. தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. போக்குவரத்துப் போலீசார் மாற்றுவழி சொன்னார்கள். தாராவிப் பக்கம் நெரிசல் கூடி நாம் பட்ட அவதி தனிக் கதை. ஆனால் இல்லாத பாலத்தின்மேல் யாரும் வண்டியை ஏற்றவில்லை. மாநகரில் முடிகிற காரியம் மாவட்டச் சாலையில் ஏன் முடியவில்லை?

ஆகவே நாம் கேட்பது இதுதான். சாலைக்கும் ஒரு காஷன் ஆர்டர் வேண்டும். மாநகராட்சியோ, பொதுப்பணித் துறையோ, நெடுஞ்சாலை நிர்வாகமோ, எந்தச் சாலை யாருடைய பொறுப்போ அவர், பாலம் பழுதானாலும் பாதை வெட்டப்பட்டாலும் அதே நாளில் இடம், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்திட்டு வெளியிட வேண்டும். அந்த அறிவிப்பை எந்த வரைபடக் கம்பெனியும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்க வேண்டும். இத்தனை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டுமென்று கம்பெனிகளுக்குச் சட்டம் போட வேண்டும். அதற்கு முன்னால், ஒரு லாரி மண்ணையாவது பாலத்தின் வாயில் கொட்டித் தடுக்க வேண்டும். மண் கொட்டுவதற்கு விஞ்ஞானம் தேவையில்லை.

இனிக் கூலி விஷயம். சங்கத்துக்கு வருகிற இளைஞர்களில் பாதிப்பேர் இப்போது சாப்பாட்டுப் பொட்டலமும் மளிகைச் சாமானும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் வருகிற முதல் குறை கிலோமீட்டர். கம்பெனியின் செயலி, புறப்படும் முன்பே தூரத்தைக் கணக்கிட்டுக் கூலியை முடிவு செய்துவிடுகிறது. நடுவில் தடுப்புச் சுவர், ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். குடியிருப்பின் முன்வாசலில் விடமாட்டார்கள், பின்வாசலுக்குச் சுற்ற வேண்டும். இதெல்லாம் கணக்கில் வராது. பாந்திரா–வொர்லி கடல் பாலத்தில் இருசக்கர வண்டிக்கு அனுமதியில்லை. புதிதாக வந்தவன் காருக்குக் காட்டிய வழியை நம்பிப் போனால் அபராதம் அவன் தலையில்தான். தாமதமானால் வாடிக்கையாளர் நட்சத்திரத்தைக் குறைக்கிறார். படம் சொன்ன நேரமே சட்டம், பையன் சொல்லும் காரணம் சாக்கு!

ஆனால் அந்தப் படத்துக்கு உயிர் கொடுப்பது யார்? எந்தச் சாலையில் நெரிசல், எந்தச் சாலை காலி என்று வரைபடத்துக்கு எப்படித் தெரிகிறது? அந்தச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் கைப்பேசிகளின் வேகத்தை வைத்துத்தான் தெரிகிறது. காலை முதல் நள்ளிரவு வரை ஓடிக்கொண்டிருக்கும் டாக்சிக்காரர், டெம்போக்காரர், பொட்டலக்காரர் ஆகியோர்தான் அந்தக் கணக்கின் பெரும் பங்காளிகள். 2024 ஜூலையில் ஓலா கம்பெனி, கூகிள் வரைபடத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் செலவழித்து வந்ததாகவும் இனி சொந்தப் படம் என்றும் அறிவித்தது. அதே மாதம் கூகிள், இந்தியாவில் தன் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகச் சொன்னது. முதலாளிக்கும் முதலாளிக்கும் பேரம் படிந்தது. பாதையை உழைத்து எழுதினவனுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு காசு கூடியதா?

1802இல் பரங்கிமலையருகே லாம்டன் துரை அடிக்கோடு போட்டு இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை மலைகளின்மேலும் கோபுரங்களின்மேலும் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அது இடிபட்டுச் சேதமானது என்பதுவரை புத்தகங்களில் இருக்கிறது. கயிறு இழுத்தவர்களின் பெயர்தான் இல்லை. அப்படி அளந்த படங்களையும் சர்க்கார் வெகுகாலம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. 2021 பிப்ரவரியில்தான் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்ந்தன.

ராஜஸ்தான் 2023இலும் கர்நாடகம் 2025இலும் இத்தகைய தொழிலாளருக்கென்று சட்டம் இயற்றியிருக்கின்றன. யந்திரம் எப்படித் தீர்ப்புச் சொல்கிறது என்பதைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டும் என்கிறது கர்நாடகச் சட்டம். ஓடிய கிலோமீட்டருக்குக் கூலி என்ற ஒரு வரி எல்லா மாநிலத்திலும் சேர வேண்டும். வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் இருக்கிறது. அது பொய் சொல்லாது.

நாமக்கல், சங்ககிரியிலிருந்து வாஷி மார்க்கெட்டுக்கும் கலம்போலிக்கும் வருகிற நம் லாரிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் பார்ப்பது காருக்கு வழி சொல்லும் படம். லாரியின் உயரம், பாரம், எந்த நேரத்தில் எந்தச் சாலையில் நுழையக்கூடாது என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. சந்தில் சிக்கி, பின்னாலேயே வந்து, அபராதமும் கட்டி, தாமதத்துக்கு முதலாளியிடம் வசவும் வாங்குவது டிரைவர்தான்.

கடைசியாக நம் பேட்டை. தாராவி ஏறக்குறைய 2.4 சதுர கிலோமீட்டர். 90 அடி சாலையும் 60 அடி சாலையும் எந்தப் படத்திலும் பெயரோடு இருக்கின்றன. உள்ளே கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற சந்துகளுக்குத்தான் பெயரில்லை. தகரக் கூரைக்கும் மாடிக்கும் நடுவே செயற்கைக்கோளின் சேதி சரியாக எட்டாமல், நீலப்புள்ளி இந்தச் சந்துக்கும் அந்தச் சந்துக்கும் தாவிக்கொண்டிருக்கும். ஆம்புலன்ஸ் பெரிய சாலையிலேயே நின்றுவிடுகிறது. “கோயிலுக்குப் பக்கம், குழாயடிக்கு எதிரே” என்று போனில் கத்திக்கொண்டே நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருந்தும் இந்தக் கதி.

அளக்கவே முடியாத இடமா இது? இல்லை. 2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியபோது, லேசர் கருவியோடு சந்து சந்தாக வந்தார்கள். வீட்டுக்கு வீடு எண் எழுதினார்கள். மனையின் விலைக்காக அங்குலம் அங்குலமாக அளக்க முடிந்த சந்துக்கு, ஆம்புலன்ஸ் வந்து சேர ஒரு படம் இல்லை என்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

1972 ஆகஸ்டு 15இல் வந்த பின்கோடு ஒரு பேட்டை முழுவதற்கும் ஒரே எண். அதனால் தபால் துறை 2025 மே மாதம் ‘டிஜிபின்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டை நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறி. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் பக்கம் கீழே ஒரு குடும்பம், ஏணி ஏறினால் மேலே ஒரு குடும்பம். இரண்டுக்கும் ஒரே குறிதான் வரும். சந்தின் பெயரும் வாசலின் அடையாளமும் சேர்ந்தால்தான் அந்தக் குறி பயன்படும்.

அந்தப் பெயரை யாரோ வந்து வைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பொதுப்படம் ஒன்று உண்டு. யாரும் வரையலாம், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்; ஒரே இடத்துக்கு மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் பெயர் எழுதலாம். கம்பெனிப் படத்துக்கும் திருத்தம் அனுப்பலாம். முதலில் பொதுப்படம், பிறகு கம்பெனிப் படம் என்பது சங்கத்தின் தீர்மானம். ஏனென்றால் கம்பெனிக்கு மட்டும் கொடுத்தால் நம் சந்தை நாமே விலை கொடுத்து வாங்க வேண்டிய காலம் வரலாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க வாசலில் கூடுகிறோம். நான்கு நான்கு பேராகப் பிரிந்து 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு சந்தையும் நடந்து, அகலம், படிக்கட்டு, ஆம்புலன்ஸ் எதுவரை வரும், தூக்குப் படுக்கை எங்கே திரும்பும் என்று குறிக்க வேண்டும். கைப்பேசி உள்ள இளைஞர்கள் மின்னேற்றிக்கொண்டு வரவும். குழுவுக்கு ஒரு பெரியவராவது வேண்டும். சந்துகளின் பெயர் அவர்களுக்குத்தான் தெரியும். மராத்தி, உருது பேசும் அண்டை வீட்டுத் தோழர்களையும் அழைத்து வாருங்கள், அவர்கள் வைத்த பெயர்களும் படத்தில் வரவேண்டும். டீச் செலவு சங்கத்தினுடையது.